பிரிடேட்டரி: வேட்டை வட்டியில் இல்லை

இந்த ஆண்டுப் பொழிவுக்கு எடுத்துக்கொண்ட பொருள் ஓர் ஆங்கிலச் சொல்: பிரிடேட்டரி. நாளிதழ்களின் வணிகப் பக்கத்தில் அடிக்கடி கண்ணில் படும் சொல். விலைக்கு முன்னால் வரும், கடனுக்கு முன்னால் வரும், ஆய்விதழுக்கு முன்னாலும் வரும். வந்த இடத்திலெல்லாம் யாரோ ஒருவர் இன்னொருவரைச் சுரண்டுகிறார் என்று அர்த்தம். எதைச் செய்தால் அந்தப் பெயர் வரும் என்று கேட்டால் மட்டும் பதில் இடத்துக்கு இடம் மாறும். தண்டல் அட்டையும் குழுக்கடன் புத்தகமும் செயலிக் கடனும் ஒரே வீட்டில் புழங்கும், பெங்களூருவின் இந்த நீலசந்திரா போன்ற பேட்டையில் அந்தக் கேள்வி அகராதிக்காரர்களுக்கு மட்டும் உரியதாக இருக்க முடியாது.

புலிக்கும் பருந்துக்கும் உரிய சொல்லை மனிதர்மேல் ஏற்றிவிட்டார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நடந்தது தலைகீழ். இலத்தீனில் ‘பிரைடா’ என்றால் போரில் அடித்த கொள்ளை. பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் பிரிடேட்டரி என்பது கொள்ளையடிக்கும் மனிதரைத்தான் சுட்டியது. விலங்குகளுக்கு அந்தப் பெயர் ஒட்டியது பதினேழாம் நூற்றாண்டில். காட்டுப் புலி பசித்தால் கொல்லும், வயிறு நிறைந்தால் படுத்துவிடும். கொள்ளைப் படைக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஆக, சொல் தன் பழைய சொந்தக்காரரிடமே திரும்பியிருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

இந்தியச் சட்டத்தில் இது பெயர் சொல்லி நிற்கும் இடம் 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம். அதன் 4ஆவது பிரிவு, போட்டியைக் குறைக்கவோ போட்டியாளரை ஒழிக்கவோ அடக்க விலைக்கும் கீழே விற்பதைப் ‘பிரிடேட்டரி விலை’ என்கிறது. இங்கே குற்றம் விலை ஏறியதால் அல்ல, இறங்கியதால். தமிழில் ‘கொள்ளை விலை’ என்று எழுதினால் அர்த்தமே கவிழ்ந்துவிடும். ‘அடிமாட்டு விலை’ ஓரளவு பக்கத்தில் வரும். அடிபடுவது எதிர்க்கடைக்காரர் என்று மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பிரிவைப் பெங்களூருவில் உரசிப் பார்த்தது ஒரு டாக்சி வழக்கு. சென்னையில் தொடங்கிய ஃபாஸ்ட் டிராக் கால் கேப் நிறுவனம், ஓலாவை நடத்தும் ஏஎன்ஐ டெக்னாலஜிஸ் மீது இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார் கொடுத்தது. பயணிக்குத் தள்ளுபடி, ஓட்டுநருக்கு ஊக்கத்தொகை என்று, ஓட ஓடக் கையைக் கடிக்கும் தொழிலை முதலீட்டாளர் பணத்தில் நடத்தி மற்றவர்களை ஒழிக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. பெங்களூருவின் ரேடியோ டாக்சித் தொழிலைத் தனிச் சந்தையாக எடுத்துக்கொண்டு ஆணையம் 2015 ஏப்ரலில் விசாரணைக்கு உத்தரவிட்டது. மேரு நிறுவனமும் அதே போல் ஒரு புகாரோடு வந்தது. 2017 ஜூலை 19 அன்று வந்த முடிவு இது: ஊபர் கடும் போட்டி கொடுக்கிறது, ஓலாவுக்கு இந்தச் சந்தையில் ஆதிக்கம் இல்லை; ஆதிக்கம் இல்லாதவர்மேல் இந்தக் குற்றச்சாட்டு நிற்காது.

சட்டத்தின் கட்டுமானம் அப்படி. முதலில் ஆதிக்கம் இருக்க வேண்டும், அப்புறம்தான் வேட்டை. அடக்கத்துக்குக் கீழே விற்று விற்றே ஒருவர் ஆதிக்கத்துக்கு வருகிறார் என்றால்? அந்தக் கேள்விக்கு 4ஆவது பிரிவில் நாற்காலி போடவில்லை. டெல்லி வட்டாரத்தைப் பற்றிய ஊபர் வழக்கில், ஒரு பயணத்துக்கு 204 ரூபாய் நட்டம் என்ற புகார்க் கணக்கைப் பார்த்துவிட்டு 2019 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு வழிவிட்டது. 2021இல் அதுவும், ஆதிக்கம் இல்லை என்ற அதே காரணத்தில் மூடப்பட்டது. நடுவில், ஊக்கத்தொகையை நம்பிக் கார்க் கடன் எடுத்த ஓட்டுநர்கள், தொகை சுருங்கியதும் 2017 பிப்ரவரியில் பெங்களூருவில் வேலைநிறுத்தம் செய்தார்கள். விலை வேட்டையில் இரை என்றால் போட்டி நிறுவனம்தான் என்று சட்டம் நினைக்கிறது. காருக்குத் தவணை கட்டுகிறவர் அந்த வாக்கியத்தில் எங்கும் வரமாட்டார்.

கல்லூரி ஆசிரியர்கள் அவையில் இருக்கக்கூடும் என்பதால் ஆய்விதழைப் பற்றியும் ஒரு வார்த்தை. பணம் வாங்கிக்கொண்டு, மதிப்பிட்டதாகப் பாவனை செய்து, வந்ததையெல்லாம் அச்சேற்றும் இதழ்களுக்குப் ‘பிரிடேட்டரி’ என்று பெயர் வைத்தவர் அமெரிக்க நூலகர் ஜெஃப்ரி பீல். இத்தகைய இதழ்களை நடத்திய, ஹைதராபாத்தைச் சேர்ந்த ஓமிக்ஸ் குழுமம் 5 கோடி டாலருக்கும் மேல் கட்ட வேண்டும் என்று 2019இல் அமெரிக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு யுஜிசி தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியிருந்தது. ஒரு சங்கடம் உண்டு. பணம் கட்டும் ஆசிரியருக்கு, தான் வாங்குவது பதவி உயர்வுக்கான புள்ளி என்று பல சமயம் நன்றாகவே தெரியும். இரையும் வேட்டைக்காரரும் ரசீது பரிமாறிக்கொள்ளும் இந்த இடத்தில் அந்தச் சொல் கொஞ்சம் கூச்சப்பட வேண்டியதுதான்.

இனிக் கடன்.

‘பிரிடேட்டரி லெண்டிங்’ என்ற தொடர் அமெரிக்காவில் 1990களில் வீட்டுக் கடனைச் சுற்றிப் பரவியது. திருப்பிக் கட்ட முடியாது என்று தெரிந்தே கொடுப்பது, கட்டணம் பிடிப்பதற்காகவே பழைய கடனை மூடிப் புதுக் கடன் திறப்பது, கடைசியில் வீட்டை எடுத்துக்கொள்வது ஆகியவற்றுக்கு அது பொதுப் பெயர். 1999இல் வடக்கு கரோலினா இதற்கென்று ஒரு மாநிலச் சட்டம் செய்தது. இந்தியச் சட்டங்கள் வேறு சொற்களைத் தேடிக்கொண்டன. தமிழ்நாட்டுச் சட்டத்தின் தலைப்பு ‘அதீத வட்டி’. ரிசர்வ் வங்கி ‘யூஷூரியஸ்’, அதாவது அநியாய வட்டி, என்ற பழைய சொல்லையே இன்றும் ஆள்கிறது. ஆந்திரமும் கர்நாடகமும் ‘கோயர்சிவ்’, அதாவது வற்புறுத்தல், என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டன. முதல் இரண்டும் வட்டியைப் பார்க்கின்றன. மூன்றாவது, வசூலிக்க வருகிறவரின் நடத்தையைப் பார்க்கிறது.

தமிழ்நாட்டுச் சட்டம் பிறந்த கதை துயரமானது. 2003 மே மாதம் திரைப்படத் தயாரிப்பாளர் ஜி. வெங்கடேஸ்வரன் கடன் நெருக்கடியில் தற்கொலை செய்துகொண்டார். சில வாரங்களில் அவசரச் சட்டம் வந்தது. பிறகு அதுவே அந்த ஆண்டின் 38ஆம் எண் சட்டமாயிற்று. மூன்று ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். அந்தச் சட்டத்தின் ஆங்கில வாசகத்தைப் புரட்டினால் ஒரு வேடிக்கை. ‘கந்து வட்டி’, ‘மீட்டர் வட்டி’, ‘ஹவர் வட்டி’, ‘தண்டல்’ என்று கடைத்தெருச் சொற்கள் அப்படியே ஆங்கில எழுத்தில், வரையறையோடு உட்கார்ந்திருக்கின்றன. வரைவு எழுதியவர்கள் லண்டன் அகராதியைத் தேடி அலையவில்லை. குற்றம் எந்தப் பெயரில் நடக்கிறதோ அந்தப் பெயரையே எழுதினார்கள். தமிழ்நாட்டுச் சட்டப் புத்தகத்தில் இவ்வளவு நேர்மையான பக்கம் அதிகம் இல்லை.

தண்டலைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பத்தாயிரம் ரூபாய்த் தண்டல் என்றால் கைக்கு வருவது பல இடங்களில் 8,500. மீதி 1,500ஐக் கொடுக்கும்போதே பிடித்துக்கொள்வார்கள். ஒரு சின்ன அட்டை, அதில் நூறு கட்டம். தினமும் சாயங்காலம் டி.வி.எஸ். வண்டியில் வருகிறவர் கடை வாசலில் நின்று 100 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். இஞ்சினைக்கூட அணைக்க மாட்டார். பூ விற்கிறவருக்கும் தள்ளுவண்டிக்காரருக்கும் இது பதினைந்து சதவீதம் போலத்தான் தோன்றும். உண்மைக் கணக்கு வேறு. முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதால், கையில் இருந்த பணத்துக்கு நாளொன்றுக்குச் சுமார் 0.33 சதவீதம், ஆண்டுக்கு ஏறக்குறைய 120 சதவீதம் விழுகிறது. ‘பத்து வட்டி’ என்று பேச்சில் சொல்வதும் இதே 120தான். நூறுக்கு மாதம் பத்து. தமிழில் வட்டியை மாதக் கணக்கில் சொல்லும் வழக்கம் கொடுக்கிறவருக்கு எவ்வளவு வசதி என்று பாருங்கள். ‘ஆண்டுக்கு நூற்றிருபது’ என்று வாய் திறந்து கேட்டால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள்.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. பிரிட்டனில் 2015 ஜனவரி 2 முதல், சம்பள நாளை நம்பி வாங்கும் சில்லறைக் கடன்களுக்கு உச்சவரம்பு வந்தது. எவ்வளவு தெரியுமா? நாளொன்றுக்கு 0.8 சதவீதம். நீலசந்திராத் தண்டலைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்! அங்கே அது சட்டப்படி நடக்கும் தொழில். ஆனால் அந்த வரம்போடு இன்னும் இரண்டு சேர்ந்து வந்தன. தவணை தவறினால் பிடிக்கும் கட்டணம் 15 பவுண்டைத் தாண்டக் கூடாது. வட்டியும் கட்டணமும் சேர்ந்து, வாங்கிய தொகைக்கு மேல் ஒரு பென்னிகூடப் போகக் கூடாது. நூறு வாங்கியவர் என்ன ஆனாலும் இருநூறோடு வெளியே வந்துவிடலாம். நம் பழைய தர்மசாத்திரங்களில் உள்ள தாம்துபத் விதியும் ஏறத்தாழ இதுவே. ஒரே நேரத்தில் வசூலிக்கும் வட்டி அசலைத் தாண்டலாகாது என்பது அது.

அப்படியானால் வேட்டை எங்கே இருக்கிறது? வட்டி வீதத்தில் மட்டும் தேடினால் கிடைக்காது. கடனாளி தவணை தவறினால் கொடுத்தவருக்கு நட்டமா, லாபமா என்று கேட்க வேண்டும். ஒழுங்காகக் கடன் கொடுப்பவருக்குத் தவறிய தவணை தலைவலி. மீட்டர் வட்டிக்காரருக்கு அதுதான் வருமானம். ஆட்டோ மீட்டரைப்போலக் காத்திருக்கும் நேரத்துக்கும் ஓடுவதால்தான் அந்தப் பெயரே வந்தது. கன்னடத்தில் ‘மீட்டர் பட்டி’ என்கிறார்கள். மொழி மாறினாலும் மீட்டர் மாறவில்லை. வெளியே போகும் கதவை அடைத்துவிட்டு உள்ளே இருப்பவரிடம் வாடகை வாங்கும் தொழில் எதுவோ அதற்குத்தான் பிரிடேட்டரி என்ற பெயர் தகும் என்பது இந்தப் பொழிவின் வாதம்.

தமிழ்நாட்டுச் சட்டம் பெயரைச் சரியாகப் பிடித்தது. கதவைத் திறந்ததா என்பது வேறு விஷயம். 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை, திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் நாள். கந்துவட்டிக் கொடுமை என்று பலமுறை மனு கொடுத்தும் வழி பிறக்காத ஒரு கூலித் தொழிலாளி குடும்பத்தில், கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் என நால்வர் அந்த வளாகத்திலேயே தீயில் கருகி, பிறகு இறந்தார்கள். சட்டம் வந்து பதினான்கு ஆண்டு ஆகியிருந்தது. 2022 ஜூனில் காவல்துறை ‘ஆபரேஷன் கந்துவட்டி’ என்று மாநிலம் முழுதும் ஒரு நடவடிக்கையை அறிவிக்க வேண்டி வந்தது. அறிவிப்புத் தேவைப்பட்டதே ஒரு வாக்குமூலம்தான்.

பெங்களூருவின் கதை இன்னொரு வகை. இது குறுங்கடன் தொழிலின் தலைநகரம் என்று சொன்னால் மிகையில்லை. கிராமீண கூட்டா 1999இலும் உஜ்ஜீவன் 2005இலும் இங்கிருந்துதான் கிளம்பின. நீலசந்திராவிலிருந்து ஆட்டோ மினிமம் கட்டணத்தை ஒட்டிய தூரத்தில் உள்ள கோரமங்களாவும் டொம்லூரும் இந்தத் தொழிலின் தலைமை அலுவலகங்களைப் பார்த்த இடங்கள். கந்துவட்டிக்கு மாற்றாக வந்தது குழுக்கடன். அடமானம் வேண்டாம், பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பொறுப்பேற்க வேண்டும். வாரத்தில் ஒருநாள் ஒரு வீட்டுத் திண்ணையில் கூட்டம். எல்லோரும் கட்டினால் பதினைந்து நிமிடத்தில் கலைந்துவிடும். ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்றவர்கள் எழுந்திருக்க முடியாது. அடமானமாக வைத்தது நகை அல்ல, அக்கம்பக்கத்தில் இருக்கும் மரியாதை. மிரட்டுவதற்கு ஆள் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. இந்த ஏற்பாட்டால் லட்சக்கணக்கான பெண்களுக்கு முதல்முறையாகப் பணம் கிடைத்தது என்பதையும் மறைக்க வேண்டாம்.

ஒரே பெண்ணுக்கு நாலைந்து கம்பெனிகள் போட்டி போட்டுக் கொடுக்கத் தொடங்கியபோது கணக்கு மாறியது. ஆந்திரத்தில் 2010இல் அது வெடித்தது. அக்டோபரில் அவசரச் சட்டம் வந்தது. வற்புறுத்தல் என்றால் என்ன என்று அந்தச் சட்டம் பட்டியலிட்டது. கடனாளியை வழிமறிப்பது, திட்டுவது, மிரட்டுவது, இடத்துக்கு இடம் பின்தொடர்வது, வீட்டுக்கு அடிக்கடி போய் நிற்பது, அரசு உதவி பெறும் ஆவணங்களைப் பறித்து வைத்துக்கொள்வது. ரேஷன் கார்டைப் பிடுங்கி வைப்பவரைப் பார்த்தவர்தான் அந்தக் கடைசி வரியை எழுதியிருக்க வேண்டும்.

கர்நாடகத்துக்கு அந்த நிலை 2025 ஜனவரியில் வந்தது. தற்கொலைச் செய்திகள், வீட்டைப் பூட்டிவிட்டு ஊரை விட்டுப் போன குடும்பங்கள். ஹாவேரியில் பெண்கள் தாலியை முதலமைச்சருக்குத் தபாலில் அனுப்பிப் போராடினார்கள். சித்தராமையா அரசு அவசரச் சட்டம் எழுதி அனுப்பியது. பத்து ஆண்டு சிறையும் ஐந்து லட்சம் அபராதமும் அதிகம் என்று ஆளுநர் தாவர்சந்த் கெலாட் பிப்ரவரி 7 அன்று திருப்பி அனுப்பினார். விளக்கத்துடன் மீண்டும் போனது. 12ஆம் தேதி கையெழுத்தானது. மார்ச்சில் சட்டமன்றம் சட்டமாக நிறைவேற்றியது. பதிவு செய்யாத, உரிமம் இல்லாத ஆட்கள் நலிந்தவர்களுக்குக் கொடுத்த கடன் தீர்ந்ததாகவே கொள்ளப்படும் என்பது அதன் கூர்மையான வரி. காவல் நிலையம் புகாரை வாங்க மறுக்கக் கூடாது என்பது இன்னொன்று. அதே ஆண்டு தமிழ்நாடும் வற்புறுத்தி வசூலிப்பதைத் தடுக்கத் தனிச் சட்டம் செய்தது.

பெரிய கம்பெனிகள் இந்த வலையில் விழுமா? ரிசர்வ் வங்கியில் பதிவான நிதி நிறுவனங்களுக்கு மாநில லேவாதேவிச் சட்டங்கள் பொருந்தா என்று 2022 மே மாதம், கேரளத்திலிருந்து வந்த நெடும்பிள்ளி ஃபைனான்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆந்திரச் சட்டத்தைப் பற்றித் தெலங்கானா உயர் நீதிமன்றமும் 2023இல் அப்படியே தீர்ப்பளித்தது. பதிவான நிறுவனத்துக்கு லகான் மும்பையில் இருக்கிறது, மாநிலத் தலைநகரத்தில் இல்லை. 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதிகள் குறுங்கடனுக்கு வட்டி உச்சவரம்பை எடுத்துவிட்டன. பதிலுக்கு நடத்தையைக் கட்டிப்போட்டன. மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்கு அழைக்கக் கூடாது. உறவினரையும் உடன் வேலை செய்கிறவரையும் தொந்தரவு செய்யக் கூடாது. கடனாளி பெயரை ஊரறிய ஒட்டக் கூடாது. பேசிவைத்த பொது இடத்துக்குக் கடனாளி தொடர்ந்து இரண்டு முறை வராவிட்டால் மட்டுமே வீட்டுக்கு வரலாம்.

எழுத்தில் இருப்பதெல்லாம் நடப்பில் இல்லை என்று அவைக்குத் தெரியும். 2024 அக்டோபரில் ரிசர்வ் வங்கி நான்கு நிதி நிறுவனங்கள் புதுக் கடன் கொடுப்பதை நிறுத்தியது. அவற்றில் ஒன்று சென்னையைச் சேர்ந்த ஆசீர்வாத், இன்னொன்று பெங்களூருவைச் சேர்ந்த நாவி. அறிக்கையில் இருந்த சொல் யூஷூரியஸ். குறைகளைச் சரிசெய்ததாகச் சொல்லி அடுத்த மூன்று மாதத்துக்குள் தடைகள் விலகின. ஏழு நாள் கடன் கொடுத்துக் கைப்பேசியின் தொடர்பு எண்களையெல்லாம் உருவி, படத்தை ஒட்டுவேலை செய்து மிரட்டிய செயலிகள் விஷயத்திலும் அமலாக்கத்துறை 2022 செப்டம்பரில் பெங்களூருவில் சோதனை நடத்தியது. கைப்பேசியின் கோப்புகளையும் தொடர்புப் பட்டியலையும் கடன் செயலி தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி தெளிவாக எழுதியது அந்த ஆண்டில்தான்.

ஆக, பிரிடேட்டரி என்ற சொல் ஒரு கட்டுரைத் தலைப்புக்குப் பலம். புகார் மனுவுக்கு அல்ல. ‘என்னைச் சுரண்டுகிறார்கள்’ என்று எழுதிய மனுவை மேசையில் இருப்பவர் மடித்து வைத்துவிடலாம். ‘செவ்வாய்க்கிழமை இரவு 8.20க்கு இரண்டு பேர் வந்தார்கள், பக்கத்து வீட்டார் முன்னால் இன்னதைச் சொன்னார்கள், ரேஷன் கார்டை எடுத்துப் போனார்கள்’ என்ற மனுவை மடிப்பது கடினம். அதில் ஒவ்வொரு வரியும் ஏதோ ஒரு விதியை மீறியதற்குச் சாட்சி.

அவையில் உள்ள ஆசிரியர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்தப் பேட்டையில் மனு எழுதத் தெரியாதவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் எழுதிக் கொடுங்கள். கைக்கு வந்த தொகை, கட்டிய தொகை, வந்த ஆள், வந்த நேரம், எடுத்துப்போன பொருள், இவ்வளவும் தேதியோடு இருக்கட்டும். கொடுத்தவர் பதிவில்லாத ஆள் என்றால் மனு காவல் நிலையத்துக்கு. பதிவான நிறுவனம் என்றால் முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத வேண்டும்; முப்பது நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு. விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. புகாருக்குக் கட்டணம் கிடையாது.